முதலில் சம்பளம், அப்புறம் மேளம்!

திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவன், பிள்ளையாரைக் கும்பிட மறந்தாராம். தேர் அச்சு முறிந்தது. அந்த இடம்தான் அச்சரப்பாக்கம் என்கிறது தல புராணம். சாமி தேருக்கே அந்தக் கதி!

நம்ம ஊர்ப் பையன்கள் சிலர், அச்சே இல்லாமல் தேர் ஏறுகிறார்கள். வயது 21. வேலை நிலைக்கவில்லை. கேட்டால், "அப்பா பாத்துக்குவார் சார்!"

சட்டம் தடுக்காது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆனால் போதும். ஆனால் மளிகைக்கடை பாக்கிக்கு சட்டமா பதில் சொல்லும்?

மண்டபச் செலவு ஒருநாள் கூத்து. அப்பா சமாளிப்பார். மாசாமாசம் அரிசி, பால், வாடகை, அப்புறம் பிரசவம்? தங்கச்சி கல்யாணமும் பாக்கி. காசு கொடுப்பவர் கணக்கும் கேட்பார். வந்த பெண் சினிமாவுக்குப் போக மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டும். இது குடித்தனமா?

அரசாங்கமே ரூட்டை மாற்றிவிட்டது. 1989-ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி, 2022-ல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 ஆனது. தாலிக்குத் தந்த பணம் படிப்புக்குப் போகிறது!

பெற்றவர்களிடம் உதவி வாங்குவது தப்பில்லை. அது சீராக இருக்கட்டும். சம்பளமாக வேண்டாம், தம்பி!