ஓயாத தகவல்களும் ஒரேயொரு கடிதமும்

கிரெய்கிபர்னிலிருந்து அதிகாலைப் புகைவண்டியில் வேலைக்குச் செல்லும் எம்மவரின் தூக்கம் கலையாத கண்கள் கைத்தொலைபேசியிலேயே பதிந்திருக்கின்றன. மேற்பார்வையாளரின் குறுஞ்செய்தி, வேலைநேர மாற்றம், வாட்ஸ்அப் குழுக்களில் இரவிரவாகக் குவிந்த தகவல்கள்! வேலைத்தலம் இன்று படுக்கையறை வரை எம்மைப் பின்தொடர்கின்றது.

இதற்கு அவுஸ்திரேலியச் சட்டம் ஒரு வரம்பை இட்டுள்ளது. வேலைநேரத்துக்குப் புறம்பாக வரும் தகவல்களைப் பார்க்கவோ பதிலளிக்கவோ மறுக்கும் உரிமை 2024 ஆகஸ்ட் 26 முதல் தொழிலாளருக்கு உண்டு. 15 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் 2025 ஆகஸ்ட் 26 முதல் இது பொருந்துகின்றது. தகவல் அனுப்புவதை இச்சட்டம் தடுக்கவில்லை. மறுப்பும் நியாயமானதாக இருத்தல் வேண்டும். தொடர்புகொண்ட காரணம், அதற்கான கொடுப்பனவு, பதவிப் பொறுப்பு, குடும்பச் சூழல் ஆகியன கருத்திற் கொள்ளப்படும். பிணக்கு எழுந்தால் முதலில் வேலைத்தலத்திலே பேசித் தீர்க்க முயல வேண்டும். தீராவிடின் பெயார் வேர்க் ஆணைக்குழுவை நாடலாம்.

"மறுத்தால் அடுத்த வாரம் வேலை கிடைக்குமா?" எனத் தற்காலிக விசாவில் உள்ளோர் கேட்பர். அவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. ஆயினும் உரிமையைப் பயன்படுத்தியவரைப் பழிவாங்குவது சட்டவிரோதமாகும். குடிவரவு நிலை எதுவாயினும் வேலைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியுள்ளது.

தகவல் வெள்ளம் பிறருக்குக் களைப்பைத் தரலாம். புகலிடம் கோருவோருக்கோ அது பேராபத்தாகவும் முடியலாம். குடிவரவுத் திணைக்களம் மின்னஞ்சலில் அனுப்பும் அறிவித்தல், அனுப்பப்பட்ட நாளின் முடிவிலேயே கிடைத்ததாகச் சட்டம் கருதுகின்றது. நாம் அதைத் திறந்தோமா என்பது கணக்கிலெடுக்கப்படுவதில்லை. மேன்முறையீட்டுக்குரிய நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். ஆயிரம் வீண் தகவல்களுக்கிடையே அந்த ஒரு கடிதம் புதைந்து போனால் இழப்பு யாருக்கு?

ஆகவே விசா விடயங்களுக்கெனத் தனியொரு மின்னஞ்சல் முகவரியை வைத்திருங்கள். அதைத் திணைக்களத்துக்கும் சட்டத்தரணிக்கும் முறைப்படி அறிவியுங்கள். நாள்தோறும் முதலில் அதையே பாருங்கள். பயனற்ற குழுக்களின் ஒலியை நிறுத்துங்கள்.

கடைகளையும் நிறுவனங்களையும் நடத்தும் எம்மவருக்கும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் நீங்கள் அனுப்பும் தகவலை விடியும்வரை தாமதித்தால் வியாபாரம் கெட்டுவிடாது. ஒரு தொழிலாளியின் உறக்கம் காக்கப்படும்.