அம்மன் வாசல்ல மருந்து மேசை வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன ஆடிப்பூரத்துக்கு நம்ம பெண்டாங் கோயில்ல அம்மனுக்கு வளையல் சாத்தி, பெண்களுக்குப் பிரசாதமா கொடுத்தோம். அன்னதானக் கூடாரம் பக்கத்துல ஒருத்தர் மேசை போட்டு பவுடர் டப்பா வித்தார். அமுக்கரா, தண்ணீர்விட்டான் கிழங்கு கலந்ததாம். கர்ப்பப்பைக்கு பலம், மூணு மாசத்துல கரு நிக்கும்னு சொல்லி டப்பா 180 வெள்ளி. கண்ணீரோட வளையலுக்கு வரிசையில நின்ன பிள்ளைங்கதான் அங்கேயும் போய் நின்னாங்க. தொண்டர்கள் நாங்க பந்தி பரிமாறுற அவசரத்துல எதுவும் கேட்காம விட்டுட்டோம். அது எங்க தப்பு. இந்த வருஷமும் இடம் கொடுக்கலாம், வாடகை கோயிலுக்குத்தானே வருதுன்னு சிலர் பேசுறதாலதான் இப்ப எழுதுறோம்.

சித்தர் சொன்ன 'அடாப்டோஜென்' அப்படின்னார் அவர். அந்தப் பேரை 1947-ல வச்சது லாசரெவ்னு ஒரு சோவியத் விஞ்ஞானி. உடம்பு அலுப்பையும் நெருக்கடியையும் தாங்க உதவுற பொருளுக்கு வச்ச பேர் அது. பிள்ளை வரம் அதுல எங்கேயும் இல்ல.

மூலிகையை நாங்க பழிக்கல. பிரசவிச்ச பெண்ணுக்குப் பால் ஊற தண்ணீர்விட்டான் கிழங்கு கொடுத்த பாட்டிமார் நம்ம தோட்டத்துலயும் இருந்தாங்க. ஆனா கருக்குழாய் அடைச்சிருந்தா எந்தப் பவுடர் போய் அதைத் திறக்கும்? அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டலாம். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுற பெண்ணுக்கு அது வம்பு. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கணும்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. கரு நின்னதே தெரியாத முதல் வாரங்கள்ல அந்தப் பிள்ளை காலையும் ராத்திரியும் கரண்டி கரண்டியா அதையேதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும். விக்கிறவர் இதைச் சொன்னாரா?

நியூயார்க்ல 6 கர்ப்பிணிகள் ரத்தத்துல ஈயம் ஏறியிருந்ததை 2012-ல அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வெளியிட்டுச்சு. காரணம் இந்தியாவுல தயாரிச்ச ஆயுர்வேத மருந்துகள். ஈயம் தாய் வழியா பிள்ளைக்கும் போகும். எல்லா மருந்தும் அப்படின்னு சொல்லல. ஆனா மேசையில இருந்த டப்பாவுல 'மால்'னு ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இல்ல, ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்ல. உள்ள என்ன இருக்குன்னு யார் பார்த்தது?

சட்டமும் இருக்கு. 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், 20 நோய்களைக் குணப்படுத்துறதா விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு சொல்லுது. குழந்தையின்மை அதுல ஒண்ணு. நம்ம ஒலிபெருக்கியிலேயே அந்த அறிவிப்பு போச்சுங்கறதை நிர்வாகம் கொஞ்சம் யோசிக்கணும்.

திருக்கருகாவூர்ல நெய் கொடுக்கலையான்னு ஒரு அண்ணன் கேட்டார். கொடுக்குறாங்க. கர்ப்பரட்சாம்பிகை பாதத்துல வச்ச பிரசாதம் அது. ஹார்மோனைச் சரி பண்ணும்னு அங்க யாரும் கூவி விக்கல, டாக்டர்கிட்ட போகாதேன்னும் சொல்லல. இவர் சொன்னார். ஸ்கேன் எல்லாம் உடம்பு சூடாம், வேண்டாமாம். அதைக் கேட்டு நம்ம பக்தர் ஒரு பெண், 35 வயசு, நாலு டப்பா வாங்கி ஒரு வருஷத்தை விட்டுடுச்சு. அந்த வயசுல ஒரு வருஷம் சின்ன விஷயமா?

அவ வீட்டுக்காரர் இன்னைக்கு வரைக்கும் ஒரு டெஸ்டும் எடுக்கல. ஃபேக்டரியில லைன் நின்னா நாங்க ஒரே மெஷினை மட்டும் திறந்து பார்க்குறதில்ல, எல்லாத்தையும் பார்ப்போம். குழந்தை இல்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு. ஆனா மேசையில ஆம்பளைக்கு ஒரு டப்பாவும் இல்ல, மருந்தும் பத்தியமும் 'மலடி'ங்கற பேச்சும் பெண்ணுக்கு மட்டும். மாமியார்மாரே, அந்த வார்த்தையைக் கோயில் வளாகத்துல சொல்லாதீங்க. கேட்டா நாங்க எழுந்து நிப்போம்.

ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் தங்கலைன்னா, 35 தாண்டினவங்க ஆறு மாசத்துலயே, ரெண்டு பேரும் சேர்ந்து அரசாங்க கிளினிக் போங்க. அங்கிருந்து அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாங்க. ஆணுக்கு முதல் டெஸ்ட் விந்துப் பரிசோதனைதான், வலி கிடையாது.

இந்த ஆடிப்பூரத்துக்கு அந்த மேசைக்கு இடம் கொடுத்தா பந்தி பரிமாற நாங்க வரமாட்டோம். தலைவர்கிட்ட நேர்லயும் சொல்லிட்டோம். போன வருஷம் வாங்கினவங்க வீட்டுல டப்பா மிச்சம் இருந்தா தூக்கிப் போடாதீங்க. டாக்டர்கிட்ட போகும்போது கையோட எடுத்துட்டுப் போய் காட்டுங்க.