கூலியைக் குறைத்தவன் ரயிலில் வந்தவனா?

வெளியாள் வந்தான், வேலை போயிற்று, கூலி குறைந்தது, வாடகை ஏறிற்று. சத்தியவேட்டிலிருந்து ரேணிகுண்டா வரை, தொழிற்பேட்டைகள் எழுந்த ஊர்களில் எல்லாம் ஒலிக்கும் வாதம் இது. தேநீர்க் கடையில் இது ஆற்றாமை, சட்டமன்றத்தில் கொள்கை, கருத்தரங்க மேடையில் ‘மண்ணின் மைந்தர்’ கோட்பாடு. மூன்று இடங்களிலும் கேட்கப்படாமல் நழுவும் கேள்வி ஒன்றுதான்: கூலியை நிர்ணயிப்பவர் யார்?

ஆற்றாமையைப் பொய் என்று ஒதுக்குபவர்கள் முதலில் பிழை செய்கிறார்கள். நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதே நிலத்தில் எழுந்த ஆலையின் வாயிலில் மகனுக்கு வேலை கேட்டு நிற்கும் குடும்பத்திடம் ‘இடப்பெயர்வு பொருளாதாரத்தை வளர்க்கும்’ என்று பாடம் நடத்துவது அறிவும் அன்று, அறமும் அன்று. துன்பம் மெய். ஆனால் துன்பத்தின் காரணமாகக் காட்டப்படும் ஆள் தவறான ஆள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்தவன் கூலிப் பட்டியலை எழுதுவதில்லை. எழுதப்பட்ட பட்டியலில் கைந்நாட்டு மட்டும் வைக்கிறான்.

முதலில் ‘உள்ளூர்’ என்னும் சொல்லை உரசிப் பார்க்கவேண்டும். 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி அமைந்திருக்கும் சத்தியவேடு வட்டாரம் 1960 மார்ச் 31 வரை சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. படாஸ்கர் தீர்ப்பின் வழிவந்த எல்லை மாற்றச் சட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் அதே வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஓர் ஆயுட்காலத்துக்குள் ஒரே வயல் மூன்று மாவட்டங்களுக்கும் இரண்டு மாநிலங்களுக்கும் ‘உள்ளூர்’ ஆகியிருக்கிறது. ஊத்துக்கோட்டையிலிருந்து வேலைக்கு வரும் தமிழ் இளைஞன் அங்கே வெளியாள்; பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்ரீகாகுளத்திலிருந்து வருபவன் உள்ளூரான். எல்லைக்கோடு நிர்வாகத்துக்குப் பயன்படும். நியாயத்தை அளக்கும் கோலாக அது உதவாது.

அடுத்தது, இம்மண் ஆளை வரவேற்க மட்டும் பழகிய மண் அன்று. ஆளை அனுப்பியும் பிழைத்த மண். ராயலசீமையின் வறண்ட வட்டங்களான ராயச்சோட்டி, பீலேரு, மதனப்பள்ளிப் பகுதிகளிலிருந்து குவைத்துக்குப் போன ஆண்களும் பெண்களும் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தார்கள். 2020 ஜூலையில் குவைத் நாடாளுமன்றக் குழு ஒன்று, இந்தியர் எண்ணிக்கை அந்நாட்டு மக்கள்தொகையில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்னும் சட்ட வரைவுக்கு இசைவளித்தது. ஏறத்தாழ 8 லட்சம் இந்தியர் வெளியேற நேரலாம் என்ற செய்தி ராயலசீமை வீடுகளில் இடியாக இறங்கியது. குவைத் தரப்பு சொன்ன காரணம் என்ன? வெளியாட்கள் பெருகிவிட்டார்கள், சொந்தக் குடிமக்களுக்கு வேலை வேண்டும் என்பதே. அங்கே அநீதியாகத் தெரிந்த வாதம் தடா ரயில் நிலையத்துக்கு வந்ததும் நீதியாக மாறிவிடுவது எப்படி?

தமிழ் வாசகர்களுக்கும் இங்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை அடுத்த சேஷாசலக் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழை மலைமக்களும் கூலிகளும். ஊரில் கிடைக்காத கூலியை மரம் வெட்டினால் தருவதாகத் தரகர் சொன்ன சொல்லை நம்பிப் போகிறவர்கள் அம்மக்கள். தரகரும், தரகருக்கு மேலிருந்த வணிகரும், கடல் கடந்து மரத்தை வாங்கியவரும் அன்று அந்தக் காட்டில் சாகவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் அறுந்தது. அந்த 20 பேருக்காக நெஞ்சு பதைத்தவர்களில் சிலரே இன்று திருப்பூரிலும் ஒரகடத்திலும் ‘வடக்கன்’ என்னும் வசையை வாய் கூசாமல் வழங்குகிறார்கள். தரகன் அனுப்பிய தமிழன் பலியாள், தரகன் அனுப்பிய ஒடியா எதிரி என்பது எந்த அறக்கணக்கு?

இனி வாதத்தின் உறுப்புகளைத் தனித்தனியே எடுக்கலாம்.

‘வேலை போயிற்று’ என்பது முதல் உறுப்பு. ஓர் ஊரில் இத்தனை வேலைகள்தான் உண்டு, ஒருவன் எடுத்தால் மற்றவனுக்கு இல்லை என்னும் கற்பனை இதன் அடியில் கிடக்கிறது. வந்தவனும் உண்கிறான், உடுக்கிறான், வாடகை தருகிறான். அவனுடைய செலவும் வேலையை உண்டாக்குகிறது. 1980இல் மாரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 கியூபர்கள் அமெரிக்காவுக்கு வந்தபோது மயாமி நகரின் உழைப்பாளர் தொகை 7 விழுக்காடு பெருகியது. உள்ளூர்த் திறனில்லாத் தொழிலாளரின் கூலியிலோ வேலையின்மையிலோ அதனால் குறிப்பிடத்தக்க பாதிப்பைக் காணவில்லை என்று 1990இல் எழுதினார் டேவிட் கார்டு. பள்ளிப்படிப்பை முடிக்காதோரின் கூலி சரிந்ததாக ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் மறுத்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒப்பும் ஒன்று உண்டு: பாதிப்பு நேருமாயின், அது நேர்வது சந்தையின் அடித்தட்டில், பேரம் பேசும் வலிமை அற்றவரிடத்தில். ஆகவே கேள்வி ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து பேர வலிமைக்கு நகர்ந்துவிடுகிறது.

ஸ்ரீசிட்டியே இதற்குச் சான்று. அங்குள்ள கைபேசி ஆலையில் 2015 முதல் வேலை செய்வோர் பெரும்பாலும் இளம்பெண்கள். பலர் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வருபவர்கள். ‘உள்ளூராருக்கு உழைக்கத் தெரியாது’ என்னும் முதலாளிகளின் வழக்கமான சாக்கு அங்கே எடுபடவில்லை. பொருத்தும் பணிக்கு உள்ளூர்ப் பெண் ஏற்றவளாகிறாள். கட்டுமானத்துக்கும் சுமை ஏற்றி இறக்குவதற்கும் வெளிமாநில ஆண் தேடப்படுகிறான். இரண்டு தேர்வுக்கும் பின்னால் இருப்பது ஒரே கணக்கு: யார் குறைவாகக் கேட்பார், யார் எதிர்த்துப் பேசமாட்டார், யாரை எளிதில் அனுப்பிவிடலாம்? பிறந்த ஊர் அந்தக் கணக்கில் ஒரு கருவி மட்டுமே.

‘கூலி குறைந்தது’ என்பது இரண்டாம் உறுப்பு. வாதத்தின் உயிர்நிலையும் இதுவே. ஒடிசாவின் ‘தாதன்’ தொழிலாளர் பட்ட அவலத்தை முன்வைத்து 1979இல் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஒரே வகை வேலைக்கு உள்ளூரானுக்குத் தரும் கூலியையே வெளிமாநிலத்தவனுக்கும் தரவேண்டும் என்றது அது. அதற்கு மேல், ஆளெடுக்கும்போது மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகவும், போக்குவரத்துச் செலவைத் தனியாகவும் தரச் சொன்னது. இதன் உட்பொருளைக் கவனிக்கவேண்டும். சட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் வெளியாள் உள்ளூர் ஆளைவிட விலை கூடியவனாக இருந்திருப்பான். உள்ளூரில் ஆள் கிடைக்காதபோது மட்டுமே முதலாளி தொலைவில் தேடியிருப்பார். வெளியாளைக் காத்த சட்டம் உள்ளூரானுக்கும் வேலியாக நின்றிருக்கும்.

அந்த வேலி முதலில் மேயப்பட்டது, பிறகு பிடுங்கப்பட்டது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இடப்பெயர்வுப் படி இல்லை. 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் பொருந்திய பாதுகாப்புகள் இனி 50 பேர் இருந்தால்தான் பொருந்தும். 49 பேரைக் கொண்ட ஒப்பந்தங்களாக ஓர் ஆலையைக் கூறுபோட எந்த ஒப்பந்ததாரருக்கும் பயிற்சி தேவையில்லை. வெளியாளை மலிவாக்கியது நாடாளுமன்றம். பழியோ வெளியாளின் தலையில். ‘மண்ணின் மைந்தர்’ என்று முழங்கிய கட்சிகளில் எத்தனை இந்தப் படியை மீட்கக் கோரின?

ஆளை வெளியேற்றினால் கூலி ஏறும் என்பாருக்கு வரலாறு ஒரு சோதனையை ஏற்கெனவே நடத்திக் காட்டியிருக்கிறது. மெக்சிக்கோ விவசாயக் கூலிகளை அமெரிக்கா வரவழைத்த ‘பிராசெரோ’ திட்டம், உள்நாட்டுக் கூலியை உயர்த்தும் பொருட்டு 1964 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 5 லட்சம் பருவக்கால உழைப்பாளர் வெளியேறினர். மைக்கேல் கிளமன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, உள்நாட்டுக் கூலி அதனால் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று காட்டியது. பண்ணையாளர்கள் எந்திரத்துக்கு மாறினார்கள். எந்திரம் இல்லாத பயிரைக் குறைத்தார்கள். கலிபோர்னியாவில் தக்காளியைப் பறிக்க எந்திரம் வந்தது; உள்ளூரானின் கூலி இருந்த இடத்திலேயே இருந்தது.

அமெரிக்கா தொலைவு என்றால் சித்தூரின் மாந்தோப்புக்குப் போகலாம். 2025 ஜூனில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது, கர்நாடகத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அந்தப் பழம் உள்ளே வர சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என்று கணக்கிட்டு, 8 ரூபாயைக் கூழ் ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தருவதாக ஏற்பாடு. வெளியூர்ப் பழம் நின்றது; விவசாயியின் கைக்கு 8 ரூபாய் வந்து சேர்ந்ததா? ஆலைகள் அதையும் தரவில்லை என்று விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். விற்போர் ஆயிரக்கணக்கில், வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர் என்னும்போது, எல்லையை மூடினாலும் விலை வாங்குவோர் கையில்தான். பழத்துக்கு உண்மையானது உழைப்புக்கும் உண்மை. வாங்குவோர் சிலரானால் விலை அவர்கள் வசமாகும் என்பதை 1933இலேயே ஜோன் ராபின்சன் கோட்பாடாக்கினார். வட்டாரத்தில் ஆளெடுப்பவை சில ஆலைகள், ஆலைகளுக்கு ஆள் தருபவர் சில ஒப்பந்ததாரர் என்றால் வெளியாளே இல்லாத ஊரிலும் கூலி தாழ்ந்தே கிடக்கும்.

‘வாடகை ஏறிற்று’ என்பது மூன்றாம் உறுப்பு. ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்து, ஷிப்டு மாறும்போது பாய் மாற்றிக்கொள்பவன் வாடகையை ஏற்றினான் என்பது விந்தையான குற்றச்சாட்டு. அந்த வாடகையை வாங்குபவர் யார்? உள்ளூர் வீட்டுக்காரர். ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் ஆலைகளுக்கு அனுமதி தந்தபோது தங்குமிடம் கட்டும் கடமையைக் கறாராக விதிக்காதது யார்? அரசு. திருப்பதி நகரிலோ கதையே வேறு. நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் வந்துபோகும் ஊர் அது. 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் முதல் 2015இல் வந்த ஐ.ஐ.டி. வரை கல்வி நிலையங்கள் பெருகிய ஊர். அங்கே அறை வாடகையையும் சாப்பாட்டு விலையையும் நிர்ணயிப்பவை பக்தரின் பையும் மாணவரின் பெற்றோர் அனுப்பும் பணமும். கட்டடத்தின் மேல் தளத்தில் சிமெண்டுச் சட்டி சுமப்பவனின் பாக்கெட்டுக்கு அந்த வலிமை இல்லை.

இவ்வளவுக்கும் மருந்தாக முன்வைக்கப்பட்டது, 2019 ஜூலையில் ஆந்திரச் சட்டமன்றம் நிறைவேற்றிய 75 விழுக்காட்டு ஒதுக்கீட்டுச் சட்டம். ஹரியாணாவும் அதே வழியில் சென்றது. மாதம் 30,000 ரூபாய் வரையிலான தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கிய அச்சட்டத்தை 2023 நவம்பர் 17 அன்று பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. அரசமைப்புக் கேள்வியை ஒதுக்கினாலும் இச்சட்டங்களின் உள்ளீடு வெறுமை. யாருக்கு வேலை என்று பேசுகின்றன. எப்படிப்பட்ட வேலை, என்ன கூலி, எத்தனை ஆண்டு என்று பேசுவதில்லை. 75 விழுக்காடு உள்ளூரார், அனைவரும் 11 மாத ஒப்பந்தத்தில் என்றால் சட்டம் வென்றதாகக் கணக்கு, தொழிலாளி தோற்றிருப்பான்.

நிலம் கொடுத்தவரின் உரிமை தனி. அது மெய்யான உரிமை. ஆனால் அந்தக் கடனுக்குக் கடனாளி நிலத்தை எடுத்த அரசும் அதில் ஆலை கண்ட நிறுவனமும். காலாஹண்டியிலிருந்து வந்த பையனிடம் அந்தக் கடனை வசூலிக்க முடியாது; அவன் குடும்பமும் எங்கோ நிலம் இழந்துதான் ரயிலேறியிருக்கக்கூடும்.

கேட்கவேண்டியவை தெளிவானவை. சம வேலைக்குச் சம கூலி ஏட்டில் நில்லாமல் ஆலை வாயிலில் சோதிக்கப்படவேண்டும். இடப்பெயர்வுப் படி மீள வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் குறைந்தபட்சக் கூலியைத் திருத்தச் சொன்ன 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் நெறி தவறாது நடக்கவேண்டும். ஒப்பந்ததாரர் பெயரும் அவர் தரும் கூலியும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாகவேண்டும். ஆளெடுக்கும் ஆலை தங்குமிடம் கட்டவேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றும் உள்ளூரானையும் வெளியாளையும் ஒருசேரக் காக்கும். ஒவ்வொன்றும் ஒப்பந்ததாரருக்கு மட்டுமே கசக்கும். இக்கோரிக்கைகள் மேடை ஏறாமல் ‘வெளியாள்’ மட்டும் மேடை ஏறுவதன் காரணமும் அதுவே.

இவ்வட்டாரத்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களுக்கு வேலை காத்திருக்கிறது. புலம்பெயர்ந்தவரின் மொழியையும் உணவையும் ஆராய்ந்தது போதும். ஒரு நாள் உழைப்புக்கு ஆலை கொடுக்கும் தொகைக்கும் தொழிலாளி கையில் வாங்கும் தொகைக்கும் இடையே எவ்வளவு மறைகிறது, எந்தக் கையில் மறைகிறது என்பதை ஊர் ஊராக எழுதட்டும். அந்தத் தொகை ரயிலில் வந்தவனின் மூட்டையில் இல்லை.