மறதி வராம இருக்க மாத்திரை வேணுமா? ஒரு த்ரெட்

1/ போன வாரம் ஓபியில ஒரு அம்மா. வயசு 66. மகள் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பிபி 180/100.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"அதை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு சார். ரெண்டும் சேர்ந்தா சூடுன்னு இதை மட்டும்தான் போடுறேன்." பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாங்க.

2/ ஆன்டி-ஆக்சிடன்ட் கேப்சூல். மூளைக்கு நல்லதுன்னு யூடியூப்ல பார்த்து மகன் வாங்கிக் கொடுத்தது. மாசம் 1,800 ரூபாய். நிறுத்தினது நாங்க இலவசமா கொடுக்கிற பிபி மாத்திரை.

ஏன்? அவங்களோட அம்மாவுக்குக் கடைசி காலத்துல பெத்த பிள்ளைகளையே அடையாளம் தெரியலையாம். தனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவே மாட்டேன்.

3/ கேப்சூல் விற்கிறவங்க சொல்ற லாஜிக் கேட்க சரியாத்தான் இருக்கும். மூளை நம்ம எடையில 2 சதவீதம்தான். ஆனா உடம்பு எடுத்துக்கிற ஆக்சிஜன்ல சுமார் 20 சதவீதம் அதுக்கே போகுது. அப்போ உருவாகிற ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களைச் சேதப்படுத்தும். அதனால ஆன்டி-ஆக்சிடன்ட் கொடுத்தா மறதி வராது!

4/ ஆனா இதை மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பார்த்தாச்சு. 60 வயசு தாண்டின 7,500க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்த ஆய்வோட முடிவு 2017ல வந்தது. டிமென்ஷியா குறையலை.

அந்த ஆய்வு ஒரு பெரிய புற்றுநோய்த் தடுப்பு ஆய்வோட ஒரு பகுதி. அதுல தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் எடுத்த ஆண்களுக்கு புரோஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் கூடியிருந்தது. "போட்டா நஷ்டம் ஒண்ணுமில்லையே"ன்னு சொல்றவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

5/ இப்ப நடைக்கு வருவோம். 2011ல அமெரிக்காவில் 120 முதியவர்களை வெச்சு ஒரு ஆய்வு. பாதிப் பேர் வாரம் 3 நாள் 40 நிமிஷம் நடந்தாங்க. மீதிப் பேர் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருஷத்துல நடந்தவங்களுக்கு ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருசாச்சு. மற்றவங்களுக்குச் சுருங்கிச்சு. சின்ன ஆய்வுதான். ஆனா செலவே இல்லாத மருந்து.

6/ 2024 லான்செட் கமிஷன், டிமென்ஷியாவுக்கு நாம மாத்தக்கூடிய 14 காரணங்களைச் சொல்லுது. எல்லாத்தையும் சரி செஞ்சா 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம். பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, புகை, உடலுழைப்பு இல்லாமை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதுல இருக்கு. ஆன்டி-ஆக்சிடன்ட் குறைபாடுன்னு ஒண்ணு இல்லை.

7/ அப்ப நெல்லிக்காய், முருங்கைக்கீரை, கொய்யா? தாராளமா சாப்பிடுங்க. தட்டுல சோறு குறைஞ்சு கீரை, காய் கூடினா சுகருக்கும் பிபிக்கும் நல்லது, அதனால மூளைக்கும் நல்லது. சாப்பாடா இருக்கிற வரைக்கும் சரி. டப்பாவுக்குள்ள போனா அது வியாபாரம்.

8/ இனி என் தப்பு. "வாக்கிங் போங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த சீட்டைக் கையில எடுக்கிற ஆள்தான் நானும். சத்து மாத்திரை கேட்டவங்களுக்கு, கூட்டம் நகரணும்னு எழுதிக் கொடுத்தும் இருக்கேன்.

இந்த அம்மா திருப்பிக் கேட்டாங்க: "எங்க சார் நடக்கிறது? தெருவுல நாய், மெயின் ரோட்டுல லாரி."

என்கிட்ட பதில் இல்லை.

9/ நடைபாதையைக் கடைக்கும் பைக்குக்கும் விட்டுட்டு, முதியவங்களை நடக்கச் சொல்றது பாதி வைத்தியம்தான். உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட நடைபாதை கேளுங்க. அதுவும் டிமென்ஷியா தடுப்புதான்.

10/ கடைசியா மூணு பேரும் பேசி முடிவு பண்ணினது: பிபி மாத்திரை மறுபடி ஆரம்பம். சாயங்காலம் மகளோட கோயில் பிரகாரத்துல 20 நிமிஷம். முட்டி வலிக்கிற நாள்ல நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கிறது 10 தடவை. கேப்சூல் காசுல ஒரு நல்ல செருப்பு.

உங்க அம்மா அப்பாவுக்கு டப்பா வாங்குறதுக்கு முன்னாடி பிபி, சுகர், கண், காது நாலையும் பார்த்துடுங்க. எல்லாம் அரசு மருத்துவமனையிலயே பார்க்கலாம். மறதி ஏற்கெனவே ஆரம்பிச்சிருந்தா "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. தைராய்டு, பி12 குறைபாடா இருந்தா சிகிச்சை இருக்கு.

முக்கியமா, அவங்களோட கூட நடங்க.