எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில்



ராகேல் வீட்டில் மரிக்கவில்லை, வழியில் மரித்தாள். பெத்தேலை விட்டுப் புறப்பட்ட குடும்பம் எப்பிராத்தாவை எட்டச் சற்றுத் தூரம் இருக்கையில் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தை வாசிக்கும் நாம், பெனோனி பென்யமீன் ஆனதையும் யாக்கோபு நிறுத்திய தூணையும் நினைவில் வைக்கிறோம். பெயர் சொல்லப்படாத ஒரு மருத்துவச்சி அங்கே இருந்ததை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? பயப்படாதிருக்கும்படி அந்தத் தாயோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளாலும் உயிரைக் காக்க இயலவில்லை. வேதம் அதை மறைக்கவும் இல்லை.

இந்த வாரம் உங்களை அந்த வழிக்கு அழைத்துச் செல்வதற்குக் காரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் நம் கடற்கரைக் குப்பங்களிலிருந்து பலர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்குச் சென்றன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது நம்மில் பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நடந்தே போய்ப் பார்த்திருக்கலாம், அவ்வளவு அருகில்தான் அது நிகழ்ந்தது.

இவ்வாறு இடம்பெயர்ந்தவர்களில் கர்ப்பவதிகளும் இருந்தார்கள். மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கையிலிருக்கும் பிக்மி எண் கூடவே வந்துவிடும். மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்த்த செவிலியர் கூட வருவதில்லை. நள்ளிரவில் எழுப்பினால் ஓடிவரும் அடுத்த வீட்டு அத்தையும் வருவதில்லை. இந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அரசைக் குறைசொல்வது என் நோக்கமன்று. 2018–20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். இங்கே ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைத் தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணைகளாகக் கிடைக்கிறது. இவற்றுக்காகத் தேவனைத் துதிக்கலாம். ஆனால் சராசரி என்பது மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துக் கலைத்துவிடும் எண். பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேருவதில் ஒரு தாமதம், சேர்ந்தபின் கவனிக்கப்படுவதில் ஒரு தாமதம் என்று மருத்துவ உலகம் மூன்றைச் சொல்கிறது. துணையில்லாத பெண்ணுக்கு முதல் தாமதமே நீண்டுவிடுகிறது.

துணையின் அருமையை இந்நகரம் முன்பே கற்றிருக்கிறது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். ஆண் மருத்துவரிடம் செல்ல முடியாமல் வீட்டுக்குள் மடிந்த பெண்களைக் கண்டதே அவரை அந்தப் படிப்புக்குத் தள்ளியது. 1885இல் அவருடைய முயற்சியால் எழுந்த மருத்துவமனையே திருவல்லிக்கேணியில் இன்றும் பலர் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றழைக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பெண்களைத் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டு வரச் சொல்லாமல், அவர்கள் வரக்கூடிய ஓர் இடத்தை அவர் உண்டாக்கினார்.

வீட்டுப் பிரசவத்திற்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அது ஆபத்தான ஏக்கம். நான் கேட்பது பயிற்சி பெற்ற மருத்துவச்சி. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் செவிலியருக்கு 18 மாதப் பேறுகாலப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இதனால் பயன் ஏழைகளுக்கு மாத்திரமன்று. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தவை. தியாகராய நகரில் அவசரப்பட்டுக் கத்தி எடுக்கப்படுவதும், பெரும்பாக்கத்தில் காலம் கடந்து ஆட்டோ தேடுவதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்றே நான் கருதுகிறேன். வலிகண்ட பெண்ணின் அருகே பொறுமையாய், அறிவோடு உட்கார ஆள் இல்லை.

அரசு செய்ய வேண்டியது அது. நாம் செய்ய வேண்டியது இன்னும் அருகில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் குழந்தைத் துணிகள் கொடுத்துவருகிறோம், நல்லது. ஆனால் நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் சகோதரிகள் பலர் இன்று பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள். அலுவலகத்தில் பணிபுரியும் உங்கள் மகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வீட்டு வேலை செய்பவரை அந்தச் சட்டம் எட்டுவதில்லை. ஏழாம் மாதத்திலும் அவர் உங்கள் தரையைத் துடைக்கிறார் என்றால், நின்றுவிட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சமே பெரும்பாலும் காரணம். பரிசோதனை நாளில் விடுப்புக் கேட்கவும் தயங்குகிறார்.

ஆகையால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்பவரோ அவருடைய மகளோ கர்ப்பவதியாயிருந்தால், பரிசோதனை நாள் என்று என அவரிடம் கேளுங்கள். அந்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிரசவத்திற்குப் பின் எத்தனை மாதம் சம்பளத்தோடு விடுப்புத் தருவீர்கள் என்பதை இப்போதே, அவர் கேட்பதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள். இரவில் அழைத்தால் வண்டியோடு வர ஒப்புக்கொள்ளும் சகோதரர்கள் வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் தங்கள் கைபேசி எண்களைப் பெண்கள் ஐக்கியச் சங்கத்துச் செயலாளரிடம் கொடுங்கள். பெரும்பாக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பட்டியலை அந்த வாரமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.