மடியில் வைக்க எந்தக் கத்தி?

இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் கத்தியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கேளுங்க, தப்பில்லை. ஆனால் கொல்லைக்குப் போகிற உழவர் ஒரு நாளில் எத்தனை தடவை "யாராச்சும் ஒரு கத்தி குடுங்கப்பா" என்று கத்துகிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். புண்ணாக்கு மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயை நறுக்க வேண்டும். புடலைப் பந்தலில் இறுகிப்போன கயிற்றை அறுக்க வேண்டும். கத்தி இல்லாவிட்டால் பல்லால் கடிப்போம். நாற்பது வருஷம் நானும் அப்படிக் கடித்தவன்தான். முன்பல் இரண்டு இப்போது ஆட்டம் காண்கிறது.

நடுவில் சந்தையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கி வைத்திருந்தேன். பூட்டு இல்லாதது. தென்னங்குரும்பையை அழுத்திக் குத்தினேன், கத்தி மடங்கி என் ஆள்காட்டி விரலில்தான் மூடிக்கொண்டது. நான்கு தையல். அன்றிலிருந்து பூட்டில்லாத மடக்குக் கத்தியை யார் காட்டினாலும் "வேணாம் தம்பி" என்று சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள். விலை எவ்வளவு குறைச்சலாக இருந்தாலும் சரி.

என் சகலை புதுச்சேரிக்காரர், குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். விரல் கதையைக் கேட்டுவிட்டு அடுத்த முறை வந்தபோது இரண்டு கத்தி கொண்டுவந்தார். ஒப்பினெல் என்று பெயர். இரண்டுமே எட்டாம் நம்பர். பார்த்தால் இரட்டைப் பிள்ளை மாதிரி: அதே பீச் மரப் பிடி, அதே எட்டரை சென்டிமீட்டர் அலகு. பிடியின் தலைமாட்டில் ஒரு வளையம் இருக்கிறது. திருப்பினால் கத்தி பூட்டிக்கொள்ளும். எடை 45 கிராம்தான் இருக்கும், மடியில் இருப்பதே தெரியாது. ஒன்று கார்பன் ஸ்டீல், மற்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். "ரெண்டையும் வச்சிப் பாருங்க சகலை, எது பிடிக்குதோ அதை வச்சிக்குங்க, மத்ததைப் பையனுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கத்தி பிறந்த கதை நமக்கு அந்நியம் இல்லை. பிரான்சின் மலைநாடான சவோய் பகுதியில் அரிவாளும் கோடரியும் அடிக்கிற பட்டறைக்காரர் ஒருவரின் மகன் ழோசப் ஒப்பினெல். 1890-இல், பதினெட்டு வயதில், ஊர்க் குடியானவர்களும் ஆடுமாடு மேய்ப்பவர்களும் வைத்துக்கொள்ள இதைச் செய்தார். 1897-இல் பன்னிரண்டு அளவுகளில் வந்தது. அந்தப் பூட்டு வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களும் என்னைப் போல விரலை வெட்டிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது இரும்புக்கு வருவோம். கார்பன் அலகில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.9 பங்கு கரி. ஸ்டெயின்லெஸ் அலகில் கரி அதைவிடக் குறைவு, குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல். அந்தக் குரோமியம்தான் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போர்த்தித் துருவைத் தடுக்கிறது. இதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பழைய இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூ ஆய்ந்தால் அலகும் கறுக்கும், பூவும் கறுக்கும், அதனால்தான் மோர்த் தண்ணீரில் போடுகிறார்கள். எவர்சில்வர் கத்தியில் அந்தத் தொல்லை கம்மி. காயிலிருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து மை காய்ச்சினதும் இதே கணக்கில்தான்.

கார்பன் கத்தியால் நான் முதலில் அறுத்தது வாழைத்தார்க் காம்பு. பத்தே நிமிஷத்தில் பளபளவென்றிருந்த அலகு நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. மனசு கஷ்டமாகப் போயிற்று, புதுக் கத்தி பாருங்கள். போகப் போக அந்தக் கறுப்பு முழு அலகிலும் சீராகப் படிந்துவிட்டது. அது படிந்தபின் செந்துரு ஏறுவதும் குறைந்தது. ஆனால் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒரு நாள் வேர்வை நனைந்த வேட்டி மடியிலேயே விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் மஞ்சள் புள்ளி இருக்கும். துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கினால் இரும்பு வாடையும் அடிக்கும், பேரப்பிள்ளைகள் தொட மாட்டார்கள்.

கூர் விஷயத்தில் கார்பனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டுத் தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகு கல்லிலிருந்து இரண்டு மூன்று தீக்குச்சி உயரம் தூக்கி இருக்கும்படி பிடித்து, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு. காகிதத்தை வெட்டும். ஸ்டெயின்லெஸ் அலகு அதே கல்லில் கொஞ்சம் வழுக்கும், கூடுதல் நேரம் கேட்கும். மற்றபடி அதுவும் நல்ல கூர்தான், குறை சொல்ல மாட்டேன். இரண்டையுமே தெருவில் சாணைச் சக்கரம் கொண்டுவருபவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சக்கரத்தில் சூடேறி நீலம் பாய்ந்தால் கொல்லர் கொடுத்த தோய்ச்சல் போய்விடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. எலுமிச்சையில் சொறி பிடித்த கிளையைக் கழித்த கத்தியைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று நெருப்பில் காட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஸ்பிரிட் தொட்ட துணியால் மரத்துக்கு மரம் துடைத்தால் போதும்.

எங்கள் பக்கம் பண்ருட்டிச் சீமை, பலா அதிகம். பலாப்பிசின் இரண்டு கத்திக்கும் சமமாகத்தான் ஒட்டும். எண்ணெய் தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்துவிட்டு நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? ஸ்டெயின்லெஸ். ஐப்பசி பிறக்கப் போகிறது, அடைமழை வரும், துருப்பிடிக்காததுதான் உழவனுக்கு வசதி என்று நினைத்தேன். கார்பன் கத்தி பையனிடம் போயிற்று. அவன் என்னைவிடச் சுத்தக்காரன், ராத்திரி ராத்திரி துடைத்து எண்ணெய் போட்டுத்தான் வைப்பான். நான் ஜீவாமிர்தம் கலக்கின கையோடு, சேற்றோடு, பிசினோடு மடக்கி மடியில் செருகினேன். அலகில் ஒரு புள்ளி துரு இல்லை. பெருமையாக இருந்தது.

ஐப்பசி இரண்டாம் வாரம், மூன்று நாளாக விடாத மழை. நான்கு மாதக் கிடேரிக் கன்று கொட்டகைக் காலைச் சுற்றிச் சுற்றி வந்து தும்புக் கயிறு கழுத்தை இறுக்கிக் கீழே விழுந்து கிடக்கிறது. நாக்கு வெளியே. நனைந்த கயிற்று முடிச்சு கைக்கு இளகவில்லை. நானும் நாள் பூரா நனைந்திருந்தேன், மடியிலிருந்த கத்தியும் நனைந்திருந்தது. எடுத்தேன். கத்தி திறக்கவில்லை. நகத்தைக் கொடுத்து இழுக்கிறேன், நகம் பிய்கிறதே தவிர அலகு அசையவில்லை. மரப்பிடி ஊறிப் பருத்து அலகைக் கவ்விக்கொண்டது. மூட்டில் இருந்த பிசினும் மண்ணும் சேர்ந்துகொண்டன. என் சத்தம் கேட்டு வீட்டுக்காரி கருக்கரிவாளோடு ஓடிவந்து ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தாள். கன்று கொஞ்ச நேரம் கிடந்து எழுந்துவிட்டது. "ஏங்க, உங்க சீமைக் கத்தி துருப்பிடிக்காது, சரி. அறுக்கவும் அறுக்காதா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல?

சகலையிடம் போனில் சொன்னேன். சிரித்தார். மரம் ஊறிக்கொண்டால் பிடியின் அடிப்பாகத்தைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டுங்க, அலகு எட்டிப் பார்க்கும், சவோய்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்றார். தட்டினேன், வந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் மனுஷன்.

மழை விட்டதும் இரண்டு கத்தியையும் காயவைத்து, பிறகு வேண்டுமென்றே தூறலில் திண்ணையோரம் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். பையனுடைய கார்பன் கத்தி இறுகத்தான் செய்தது, ஆனால் நகத்துக்குத் திறந்தது. என்னுடையது மறுபடியும் கல்லைத் தேடியது. இரண்டுக்கும் ஒரே மரம், ஒரே மூட்டு. அவன் தினமும் அலகுக்குப் போட்ட எண்ணெயில் ஒரு பங்கு மூட்டு மரத்தில் இறங்கியிருந்தது, அதுதான் வித்தியாசம்.

"அப்போ ஸ்டெயின்லெஸ் கத்திக்கும் எண்ணெய் போட்டால் தீர்ந்தது" என்பீர்கள். உண்மைதான். ஆனால் நான் போட மாட்டேன் என்று எனக்கே தெரியும். துரு தெரியாத கத்தியை மனசு மறந்துவிடுகிறது. கார்பன் கத்தி ஒரு நாள் கவனிக்காவிட்டால் மறுநாள் முகத்தைக் காட்டிவிடும். கைநிறைய உப்பை இறைத்துவிட்டுப் பயிர் பச்சையாகத்தானே இருக்கிறது என்று மண்ணைத் திரும்பிப் பார்க்காமல் இருந்த என் பழைய காலம் எனக்கு மறக்கவில்லை. அதனால் என் கட்சி கார்பன். என்னைப் போன்ற சோம்பேறிக்குத்தான் அது ரொம்பத் தேவை.

கடலோரத்தில் உப்புக்காற்றில் வேலை செய்பவர்கள், கத்தியால் முக்கியமாகப் பழம் நறுக்குகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் எடுங்கள், தயங்க வேண்டாம். மூட்டுக்கு மட்டும் வாரம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெளிநாட்டுக் கத்திதான் வேண்டுமென்று யாரும் அலையவும் வேண்டாம். உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் புகைகிறது என்றால் லாரிப் பட்டையில் ஒரு சின்னக் கத்தி அடித்துத் தோல் உறையோடு கேளுங்கள். மடங்காத கத்தியில் ஊறிக்கொள்ள மூட்டே கிடையாது. எங்கள் ஊர் ஆசாரி சொல்லியிருக்கிறார், தை பிறக்கட்டும் என்று.

ஒன்று மறந்துவிட்டேன். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போகும்போது மடியைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலில் பையைத் துழாவுகிற போலீஸ்காரரிடம் தார் அறுக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று விளக்கி முடிப்பதற்குள் மனு வாங்குகிற நேரம் முடிந்துவிடும்.

கத்தியை மாற்றிக் கொடு என்று பையனிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.