கால் மைலுக்குச் செய்த ஸ்பிரிங்

"டிராக் ரேஸில் தாங்கிய பாகம் தண்ணீரிலும் தாங்கும்." அமெரிக்க வேகப்படகு உலகில் பல ஆண்டுகளாக அலுக்காமல் சொல்லப்படும் வாசகம் இது. பழைய ஷெவ்ரலே பிக் பிளாக் 454-ஐயோ 502-ஐயோ பிரித்துப்போட்டுக் கூடுதல் குதிரைத்திறன் எடுக்க ஆசைப்படுகிறவர், இதைக் கேட்காமல் பட்டறையை விட்டு வெளியே வர முடியாது. விற்பவர் சொல்கிறார், வாங்கியவர் நம்பி அடுத்தவரிடம் சொல்கிறார். இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கரையிலிருந்து இருபது மைல் தள்ளி வால்வு ஒன்று சிலிண்டருக்குள் விழும்போது, அதைச் சொன்னவர் யாரும் படகில் இருப்பதில்லை.

காரிலும் படகிலும் இருப்பது ஒரே பிளாக்தானே என்பது அவர்களுடைய முதல் வாதம். பிளாக் ஒன்றுதான், வேலை வேறு. காருக்குக் கியர் உண்டு, இறக்கம் உண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் நேரமும் உண்டு. படகோ உச்சியே வராத மலைப்பாதையில் ஏறிக்கொண்டேயிருக்கும் லாரி. புரொப்பல்லரின் சுற்று இரண்டு மடங்கானால் அது கேட்கும் திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

அடுத்தது, ரேஸ் வால்வு ஸ்பிரிங் கடினமானது, அதனால் நீடித்து உழைக்கும் என்பது. இதைச் சொல்கிறவர்கள் ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஒரு டிராக் கார் கால் மைலை 8 நொடியில், நிமிடத்துக்குச் சராசரியாக 7,500 சுற்றில் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கும் 500 முறை அழுந்தி எழுகிறது. படகு 5,000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினால் அதே ஸ்பிரிங் 1,50,000 முறை அழுந்துகிறது. டிராக் காரின் 300 ஓட்டங்களைப் படகு ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. டிராக் ரேஸ்காரர் ஓட்டங்களுக்கு நடுவே ராக்கர் கவரைக் கழற்றி ஸ்பிரிங்கை அளக்கிறார், தளர்ந்திருந்தால் அங்கேயே மாற்றுகிறார். நடுக்கடலில் அதை யார் செய்வது? 1960-இல் மயாமியிலிருந்து நசாவ் வரை நடந்த பந்தயத்தில் ரிச்சர்ட் பெர்ட்ராமின் 'மாப்பி' என்ற படகு கொந்தளித்த கடலில் முதலாவதாக வந்தது. அதற்கே சுமார் 8 மணி நேரம் பிடித்தது. இன்றைய இன்ஜின் ஒன்றை 8 மணி நேரம் 5,000 சுற்றில் ஓட்டினால், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் 12 லட்சம் அழுத்தங்கள்.

எண்ணிக்கை மட்டும் பிரச்சினை இல்லை, சூடும் இருக்கிறது. ஸ்பிரிங் ஒவ்வொரு முறை அழுந்தும்போதும் உள்ளுக்குள் சூடேறுகிறது. இரட்டை ஸ்பிரிங் என்றால் ஒன்றோடொன்று உரசும் சூடும் சேர்கிறது. அதைக் குளிரவைக்கப் புஷ்ராட் வழியாக மேலே வரும் எண்ணெயைத்தான் நம்ப வேண்டும். டிராக் இன்ஜின் கட்டுபவர்கள் பலர் அந்த எண்ணெயையும் ரெஸ்ட்ரிக்டர் வைத்துக் குறைக்கிறார்கள். எட்டு நொடி வேலைக்கு அது சரி. அதே அமைப்பை அப்படியே படகில் ஏற்றினால் ஸ்பிரிங் சூட்டிலேயே தளர்ந்துபோகும். பிறகு ஈரம். குளிர்காலம் முழுவதும் கட்டிப்போட்ட படகின் ராக்கர் கவருக்குள் நீர் வியர்த்துத் துளிக்கிறது. ஸ்பிரிங் கம்பியின் மேல் ஊசிமுனை அளவு துருக்குழி விழுந்தால் போதும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பெட்டியில் அச்சடித்த பவுண்டு அழுத்தம் இதையெல்லாம் சொல்லாது.

பெரிய கேம் போட்டால் பெரிய திறன் வருமாம். எக்ஸாஸ்டில் தண்ணீரே இல்லாத வண்டிக்கு அது பொருந்தும். படகில் கடல்நீரோ ஏரிநீரோ ரைசருக்கு அப்பால் எக்ஸாஸ்டில் கலக்கிறது. டிராக் கேமின் லோப் இடைவெளி 106, 108 டிகிரி என்று நெருங்கியிருப்பதால், இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் நீள்கிறது. ஐடிலில் எக்ஸாஸ்ட் பின்னோக்கி இழுக்கும்போது தண்ணீரும் கூடவே வருகிறது. முதலில் வால்வு சீட் துருப்பிடிக்கும். தண்ணீர் கூடினால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். படகுக்குக் கேம் அரைப்பவர்கள் 112, 114 டிகிரிக்கு விலகுவது இதனால்தான். அவர்களைக் கோழைகள் என்று பேசுகிறவர்கள் தண்ணீர் குடித்த சிலிண்டர் ஒன்றைத் திறந்து பார்த்ததில்லை.

சாலிட் ரோலர் லிஃப்டர்தான் ஆண்மகனின் தேர்வு என்றொரு பேச்சும் உண்டு. துறைமுகத்திலும் கால்வாயிலும் அலை எழுப்பக் கூடாத பகுதிகளில் படகு அரை மணி நேரம் ஐடிலில் ஊர்கிறது. அப்போது லிஃப்டர் உருளைக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது, ஸ்பிரிங்கின் முழு அழுத்தமோ குறைவதில்லை. அவை அங்கேதான் நொறுங்கத் தொடங்குகின்றன.

ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் டைட்டானியம் ரிடெய்னர் எடை குறைவு, உண்மை; ஆனால் தேயும், நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்கு ஸ்டீல்தான் பொருந்தும். அலை மேலிருந்து புரொப்பல்லர் தண்ணீரை விட்டு எழும்போது சுற்று எகிறுவதை ரெவ் லிமிட்டர் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அது போதுமென்றால் ஆஃப்ஷோர் பந்தயப் படகில் ஸ்டியரிங் பிடிக்க ஒருவரும், த்ராட்டிலை மட்டும் கவனிக்க இன்னொருவரும் எதற்கு?

5,500 சுற்றுக்குள் இழுவை தரும் கேம், அதற்கு வேண்டிய அழுத்தம் மட்டும் உள்ள ஸ்பிரிங், தடித்த புஷ்ராட், சூட்டைத் தாங்கும் இன்கோனல் எக்ஸாஸ்ட் வால்வு. கடலில் ஓட்டுகிறவர்கள் கேட்பது இவ்வளவுதான். இதற்கு எதிராக ரேஸ் பாகத்தைப் பரிந்துரைப்பவர்கள் எப்போதும் நீட்டுவது இன்ஜின் திறனை அளந்த டைனோ தாள். அந்த ஓட்டமும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. முழுச்சுமையில் 100 மணி நேரம் ஓட்டிய பிறகு அதே ஸ்பிரிங்கை அளந்து எழுதிய தாளைக் கொண்டுவரட்டும், பேசலாம்.